நல்ல ஒயர்

புஜ்ஜி,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோதே எழுதியிருந்தாலும் உன்னால் படித்திருக்க முடியாது. நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணம் ஆகிக் கார்வேட்டிநகரம் பக்கம் வந்தேன், நீ பிறந்தாய், அங்கே இருந்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அதனால் ஒரே வீட்டில் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு, நான் எழுதுவது உனக்குத் தெரியாமலும் நீ எழுதுவது எனக்குத் தெரியாமலும் இருந்தோம். திருப்பதிக்குக் குடிவந்து, நீ ஸ்ரீசிட்டி கம்பெனிக்கும் நான் லாட்ஜுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, நீ வரும் நேரத்தில் நான் இருக்கமாட்டேன், நான் வரும் நேரத்தில் நீ இருக்கமாட்டாய். கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் படம் போட்டுவிட்டுப் போவேன். மூடிய சட்டி என்றால் சோறு இருக்கிறது. திறந்த சட்டி என்றால் நீயே ஆக்கிக்கொள். நீ அதற்குக் கீழே ஒரு வட்டம் போட்டு அதில் பல்லை வரைவாய். துன்னுட்டேன் என்று அர்த்தம். கடைசியாக நீ வரைந்த பல் இன்னும் கதவில் இருக்கிறது. அந்த இடத்தை நான் துடைப்பதில்லை.

நீ போய் ஒரு வருஷம் திரும்பப்போகிறது. ஐந்து நாள் காய்ச்சல். அந்த ஐந்து நாளை நான் எழுதப்போவதில்லை, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் எழுத வந்தது உன் பெட்டியைப் பற்றி. பாதியில் விட்டுப்போய்விட்டாள் பாவம் என்று எல்லாரும் சொன்ன பெட்டி. அது பாதி இல்லை, ஒரே ஒரு ஒயர்தான் பாக்கி என்று நான் தெரிந்துகொண்ட கதையை உனக்குச் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்லுகிறாயே என்று சிரிக்காதே. பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தமாட்டாள்.

அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். லாட்ஜில் ரிசப்ஷனுக்கு மேலே இருந்த பரணை ஒழித்தபோது பழைய சாமான்களோடு இறங்கியது. சாம்பல் நிறத் தகரம், முன்னால் மூன்று குமிழ், பின்னால் கருகிப்போன ஒயர். பழைய ஸ்டெபிலைசர் என்று நினைத்தேன். ரிசப்ஷனில் உட்காரும் ரமணய்யா சார், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்றார். நல்ல கனம். அரிசி மூட்டையை ஈரத் தரையில் வைக்காமல் அதன்மேல் வைத்தேன். இரண்டு வருஷம் அது நம் அரிசியைச் சுமந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எறும்பு ஏறுகிறதா என்று பார்க்க நீ மூட்டையை நகர்த்தினாய். பெட்டியின் பக்கத்து ஓட்டைகளில் போன் லைட்டை அடித்துப் பார்த்தவள், அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டாய்.

“ம்மா, இத எங்கேர்ந்து எடுத்தாந்தே?”

“லாட்ஜிலேர்ந்துதான். ஸ்டெபிலைசர். கெட்டுப்போச்சி.”

“ஸ்டெபிலைசராம்! உள்ள வால்வு கீதும்மா. கண்ணாடி வால்வு, நாலு. இதுமேல போயி அரிசி மூட்டய குந்த வச்சிக்கினு கீறியே!”

“அரிசி ஒண்ணும் கெட்டுப்போவலயே.”

“ஆமாமா, அரிசி பத்திரம்,” என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் உன் முகத்தில் நான் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுவதும் எனக்குப் பாடம் நடந்தது. வால்வு என்பது கண்ணாடிக் குடுவை, உள்ளே கம்பி, கரண்ட் கொடுத்தால் அடுப்புத் தணல்போல் மெதுவாகச் சிவக்கும், சூடேறிய பிறகுதான் வேலை செய்யும் என்றாய். இந்தப் பெட்டிக்குப் பேர் ப்ரீ ஆம்ப்ளிஃபையர் என்றாய். “பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாடி நிக்கறதும்மா. பாட்டு மொதல்ல இதுகிட்டதான் வரும். ரொம்ப சின்ன சத்தமா வரும். அத கசங்காம எடுத்து, மடிச்சி, பெரிசுகிட்ட குடுக்கும்.” நான் லாட்ஜில் பெட்ஷீட் மடிக்கிற மாதிரியா என்று கேட்டேன். “அதேதான். நீ ஒரு ப்ரீ ஆம்ப்ளிஃபையர்,” என்றாய். அடுத்த ஒரு வாரம் என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். போனிலேயே பாட்டு வருகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, “இதுல பாடறவங்க மூச்சு இழுக்கறது கேக்கும்மா, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல,” என்றாய். நான் நம்பவில்லை. மூச்சைக் கேட்பதற்கா இவ்வளவு பாடு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ளவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பத்தாவது முடித்ததும் உனக்கு சித்தூரில் பாலிடெக்னிக் சீட் வந்தது. உன் நைனா போர்வெல் லாரியோடு போய் வராமலே போன மூன்றாவது வருஷம் அது. தனியாக ஹாஸ்டலில் விடப் பயந்தேன். பயம் என்று சொல்லாமல், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஒயரும் கம்பியும் என்று சொன்னேன். நீ அந்த சீட்டை விட்டுவிட்டாய். வேலைக்குப் போகிற வயசு வந்ததும் கம்பெனி பஸ் ஏறினாய். அங்கே போன் போர்டில் மெஷின் விட்டுப்போன இடங்களில் கையால் ஈயம் வைக்கிற வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் வேண்டாம் என்ற ஒயரும் கம்பியும் உன்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டது. தினமும் பஸ் ஏர்பேடு தாண்டும்போது போன் செய்து, இன்றைக்கு என் வேலையில் ஒரு போர்டுகூடத் தப்பு என்று திரும்பி வரவில்லை என்று சொல்லுவாய். சரி சரி, தலையில் எண்ணெய் வைத்தாயா என்று கேட்பேன். ஒரு போர்டுகூடத் திரும்பி வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எண்ணெயைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டேன்.

எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பெட்டியில் வேலை செய்தாய். மெழுகு உருகி வழிந்திருந்த பழைய கண்டென்சர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுசு வைத்தாய். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்து, நோட்டில் எழுதி, அதன்பிறகுதான் அடுத்தது. திருப்பினால் கரகர என்ற குமிழை மாற்றினாய். செத்துப்போயிருந்த ஒரு வால்வுக்குப் பதில் சித்தூரில் பழைய ரேடியோ சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடம் தேடிப்போய் வாங்கி, பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். வால்வைச் சூடாக்கும் இரண்டு ஒயரை ஒன்றோடொன்று இறுக்கி முறுக்கவேண்டும், தளர்ந்தால் உம் என்று இரைச்சல் வரும் என்று என்னிடம் கொடுத்தாய். “ஜட போடறதுல உன்ன மிஞ்ச ஆளு இல்ல. எனுக்கு தல வலிக்கறாப்புல இழுத்துப் பின்னுவியே, அதே மாதிரி பின்னு.” பின்னிக் கொடுத்தேன். நீ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மெஷின் தோத்துச்சி போ,” என்றாய். உன் பெட்டிக்குள் என் கை இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கருப்புத் துணிக் குழாயில் ஊக்கு குத்தி எதையோ இழுத்துக்கொண்டிருந்தாய், பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி. இன்னும் அந்தப் பழைய துணியக் கட்டிக்கினு அழுவியா, எழுந்து வந்து துன்னு என்று திட்டினேன். “இரும்மா, இது நாடா,” என்று சிரித்தாய். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது.

மூன்று மாதம் கழித்து, உனக்கு வால்வு கொடுத்த அந்த சித்தூர்க்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். பெரிய மனிதர், மரியாதையாகப் பேசினார், உன்னைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கினார். அதையும் சொல்லவேண்டும். பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மின்சாரம் கொடுத்து, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிற நம் வீட்டு ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தார். உம்ம் என்று ஒரே இரைச்சல், ஆலை மாதிரி. அணைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, “பாடு சேசேசிந்தம்மா,” என்றார். கெடுத்துவிட்டாள் என்றார். இந்த மாதிரி பழைய பொருளில் கை வைக்கவே கூடாது, அதனதன் பழைய சாமானோடு இருந்தால்தான் மதிப்பு, புதுசு வைத்தால் இப்படித்தான் இரையும் என்றார். வால்வுகளை மட்டும் தனக்குக் கொடுக்கச் சொன்னார். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும், உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ‘பாடு’ என் காதில் நம் பேச்சாகவே விழுந்தது. பாடச் சொல்லுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நீ போனது ஒன்று. நீ செய்தது தப்பு என்று ஆகிவிட்டால் அது இன்னொன்று. ஒரு போர்டுகூடத் திரும்பி வராத கை உன் கை. அது எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் செய்ததைக் கெட்டுப்போனது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பெட்டிக்குள் இரண்டு ஒயர்கள் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்று பழைய கருப்புத் துணி சுற்றினது. இன்னொன்று பளபள என்று புது வெள்ளை ஒயர். அவற்றுக்கு நேர்கீழே தகரத்தில் ஒரு இடத்தை நீ சுரண்டிப் பளபளப்பாக்கி வைத்திருந்தாய். ஒரே ஒரு இடம். உன் நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாக தெலுங்கு எழுத்து.

நோட்டை லாட்ஜுக்கு எடுத்துக்கொண்டு போய் ரமணய்யா சாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் கோணியது. இன்னொரு தடவை படித்தார். “ஏம்மா, இதி தெலுகேனா?” இது தெலுங்குதானா என்றார். சத்தமாகப் படியுங்கள் சார் என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தார், புரியாத மந்திரத்தைப் படிக்கிற மாதிரி: “மொ-த-ல்ல. க-ர-ண்-ட்ட. பு-டு-ங்-கு. அ-ப்-பா-ல. ப-த்து நி-மி-சம். சு-ம்மா. கு-ந்து.”

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மொதல்ல கரண்ட்ட புடுங்கு, அப்பால பத்து நிமிசம் சும்மா குந்து. நீ பேசுகிறாய். நோட்டு முழுக்க நம் பேச்சு. பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில் வீட்டுப் பேச்சை எழுதிவைத்திருந்தாய். உனக்கு வேறு எழுத்து தெரியாது, வேறு பேச்சில் யோசிக்க வரவில்லை. “அக்ஷராலு மாவி, மாட்டலு மீவி,” எழுத்து எங்களது, சொல் உங்களது என்று ரமணய்யா சார் சிரித்தார். அவர் படிப்பார், அவருக்குப் புரியாது. எனக்குப் புரியும், படிக்கத் தெரியாது. அறைச் சாவி கேட்டு வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு அந்த மனிதர் எனக்காக முழு நோட்டையும் வாசித்தார். அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் கரண்ட் இருக்கும், ஆளை அடிக்கும், அதனால்தான் பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தாய். எந்தக் கண்டென்சர் எங்கே, எந்த ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடி வைத்தது, எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: “அம்மா பின்னுன ஒயர் சூப்பர்.” அதை மட்டும் இரண்டு தடவை படிக்கவைத்தேன். அவருக்கு என்ன என்றே தெரியாமல் இரண்டு தடவை படித்தார்.

கடைசிப் பக்கத்தில் மூன்றே வரி. “நல்ல ஒயர் மட்டும் பாக்கி. அத சொரண்டுன எடத்துல வச்சா சத்தம் நின்னுடும். ரெண்டயும் வைக்கக் கூடாது.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. நல்ல ஒயர். புது வெள்ளை ஒயர்தான். வேறென்ன? நான் எழுந்திருக்கும்போது ரமணய்யா சார், பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, “ஆ! இதி நாக்கு தெலுசு! நல்ல வைரு. நல்லதி!” என்றார், இது எனக்குத் தெரியும் என்று.

நான் மறுபடி உட்கார்ந்தேன். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கருப்பு.

இது நமக்குள் பழைய கதை. நீ ஒன்றாவது படிக்கும்போது பள்ளிப்பட்டில் என் அண்ணன் வீட்டுக் கல்யாணம். நான் முதல் நாளே போய்விட்டேன். பக்கத்து வீட்டு அக்காவோடு வா, வரும்போது நல்ல பாவாடையாகக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனேன். உனக்குப் பச்சையில் ஒரு பட்டுப்பாவாடை இருந்தது. நீ வந்து இறங்கினது பழைய கருப்புப் பாவாடையில். தாலி கட்டுகிற நேரத்தில் கருப்பைக் கட்டிக்கொண்டு பெண் வந்து நிற்கிறதே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கூட்டத்தின் நடுவில் உன் கன்னத்தில் அறைந்தேன். “நீதானேம்மா நல்ல பாவாட கட்டிக்கினு வான்னே!” என்று நீ தேம்பியது எனக்குப் புரியவில்லை. பொய் வேறா என்று இன்னொன்று கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து நீ வாசலில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தாய், எர்ர, தெல்ல, நல்ல என்று நிறங்களை. கையில் கருப்புப் பென்சில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொன்னபடிதான் நீ செய்திருக்கிறாய். நான் சொன்ன சொல்லைப் பள்ளிக்கூடம் மாற்றி வைத்திருக்கிறது. அன்றைக்கு உன்னிடம் தப்பு என்மேல்தான் என்று சொல்லவில்லை. வெல்லம் போட்டு அடை சுட்டுக் கொடுத்தேன், அதோடு சரி. இதைப் படிக்கிற தாய்மார் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: அடை போதாது, வாயால் சொல்லவேண்டும்.

நீயே பெரியவளானதும் அதை விளையாட்டாக மாற்றினாய். நான் எப்போது ‘நல்ல’ என்றாலும், “எந்த நல்லம்மா? உன் நல்லயா, இஸ்கூலு நல்லயா?” என்பாய். நல்ல கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வா என்றால், எந்த நல்ல? நல்ல பையன் ஒருவன் வந்திருக்கிறான், போட்டோ பார் என்றால், போட்டோவை வாங்கிப் பார்த்து, “ரெண்டு நல்லயும் இல்லம்மா,” என்று திருப்பிக் கொடுத்தாய். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதனால்தான் புஜ்ஜி, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். நோட்டில் உள்ள மற்ற எல்லாச் சொல்லும் நம் பேச்சு. அப்படியென்றால் இந்த நல்லவும் என் நல்ல. ஆனால் எழுத்து இஸ்கூல் எழுத்து. எழுதிக்கொண்டே போகும்போது கை இஸ்கூலுக்குப் போயிருந்தால்? வெள்ளை ஒயரா, கருப்பு ஒயரா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் கூட வரிசையில் உட்காருவாளே, அரக்கோணத்து கௌரி, அவளைக் கூப்பிட்டேன். ஈயம் வைக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். ரமணய்யா சாரும் நோட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கௌரிக்கு வேலை தெரியும், தெலுங்கு எழுத்து தெரியாது. மூன்று பேர் சேர்ந்தால்தான் உன் ஒருத்திக்குச் சமம். கௌரி பெட்டிக்குள் போன் லைட்டை அடித்து எட்டிப்பார்த்தாள். “ஆன்ட்டி, இன்னா நீட்டா வச்சிருக்கா பாருங்க. ஒரு ஈயம்கூட உருண்ட கட்டல. எங்க லைன் சூப்பர்வைசர் பாத்தா போட்டோ எடுத்து செவுத்துல மாட்டுவாரு,” என்றாள். அதை சித்தூருக்குக் கேட்கும்படி கத்தவேண்டும்போல் இருந்தது. எந்த ஒயர் என்று கேட்டேன். இரண்டுமே எர்த் ஒயர் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் உள்ளே வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது, எது என்று அவள்தான் சொல்லணும் என்றாள்.

ஈயத்தை நான்தான் வைப்பேன் என்றேன். லைட் பிடித்து லைட் பிடித்து, நீ வைப்பதை எட்டு மாதம் பார்த்தவள்தானே. வெள்ளை ஒயரைச் சுரண்டின இடத்தில் வைத்து ஊதினேன். மூடி, கரண்ட் கொடுத்து, வால்வு சிவக்கும்வரை காத்திருந்தோம். ஸ்பீக்கர் உம்ம் என்றது. முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் உம்ம். கௌரி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சித்தூர்க்காரர் தலை ஆட்டியது என் கண்முன் வந்தது. அப்போது ரமணய்யா சார் தானாகவே முதல் பக்கத்தைத் திருப்பி, படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருந்ததை இழுக்காமல் சொன்னார்: “மொதல்ல கரண்ட்ட புடுங்கு. அப்பால பத்து நிமிசம் சும்மா குந்து.”

புடுங்கினோம். குந்தினோம். பத்து நிமிஷமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெள்ளையை எடுத்துவிட்டு, கௌரி கருப்பு ஒயரின் நுனியைச் சீவினாள். சீவினவள் கத்தினாள்.

“ஆன்ட்டி! செப்பு! செப்பு ஆன்ட்டி!”

ரமணய்யா சார் திடுக்கிட்டு, “ஏம் செப்பாலம்மா?” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். தெலுங்கில் செப்பு என்றால் சொல். என்ன சொல்லவேண்டும் என்று கேட்கிறார் மனிதர். நீ போன பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன் புஜ்ஜி. கௌரி சிரித்து, சார் சிரித்து, எதற்குச் சிரித்தோமோ அது மறந்து கண்ணீர் வரும்வரை சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கௌரி அந்த நுனியைக் காட்டினாள். பழைய கருப்புத் துணிக்குள்ளே, பழைய கம்பி இல்லை. சிவக்கச் சிவக்கப் புதுச் செப்புக் கம்பி. “மேல துணிதான் பழசு ஆன்ட்டி. உள்ள இருந்தத உருவிட்டு நல்ல கம்பியா கோத்து வச்சிருக்கா. அந்த வெள்ள ஒயரு டெஸ்ட்டுக்கு சும்மா போட்டது போல, மட்டமானது.”

ஊக்கு குத்தி இழுத்த நாடா. நான் எழுந்து வந்து துன்னு என்று திட்டின நாடா.

கருப்பை நானே வைத்தேன். நீ வைத்திருந்தால் உருண்டை கட்டாமல் இருந்திருக்கும், என்னுடையது கொஞ்சம் பருமன். மூடி, கரண்ட் கொடுத்தோம். வால்வு நான்கும் சிவந்தன. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் குக்கர் விசில் கேட்டது, தெருவில் ஆட்டோ போனது, நம் பெட்டியிலிருந்து ஒன்றுமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். ரமணய்யா சார் நாற்காலியிலிருந்து இறங்கி ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். “இங்கா ஆன் செய்யலேதா?” இன்னும் போடவே இல்லையா என்றார்.

“சேசி பதி நிமிஷாலு அயிந்தி சார்,” என்றேன். போட்டுப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

அந்தச் சத்தமில்லாததுதான் நீ செய்தது என்று எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. கௌரி தன் போனை மாட்டி ஒரு பாட்டு வைத்தாள், எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுத்தான், லாட்ஜில் தினம் கேட்கிறதுதான். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி வருவதற்கு முன்னால், அந்தப் பாடுகிற அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எனக்குக் கேட்டது புஜ்ஜி. நீ சொன்னது எனக்குக் கேட்டது. ரமணய்யா சார் பெட்டியின் மேல் கையை வைத்து, “மீ பாப்பதி பங்காரு செய்யி,” உங்கள் பெண்ணுடையது தங்கக் கை என்றார். எனக்குத் தெரியும் சார் என்றேன்.

சித்தூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பவேண்டும் என்றுதான் இருந்தேன், கேட்ட பிறகு தேவைப்படவில்லை. பெட்டி இப்போது ஜன்னலோரத்தில் இருக்கிறது. அரிசி மூட்டைக்கு நான்கு செங்கல் வாங்கி வைத்துவிட்டேன். லாட்ஜிலிருந்து வந்ததும் பாட்டு போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பெட்டியை மட்டும் போட்டு, அது சும்மா இருப்பதைக் கேட்கிறேன். யாரிடமாவது கோபம் வந்தாலும், உன்னை நினைத்து நெஞ்சு அடைத்தாலும், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் குந்துகிறேன். புத்தி சொல்லவேண்டியவள் நான். நீதான் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்று மட்டும் நிற்கிறது. அந்த ஒயர் கருப்பாகவும் இருக்கிறது, நல்லதாகவும் இருக்கிறது. உன் இஸ்கூலு சரி, என் வீடும் சரி. நீ அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போது எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியவேண்டும், பள்ளிக்கூடத்திலா, என் பக்கத்திலா. இல்லை, இரண்டும் ஒரே ஒயரில் வந்துவிட்டதே என்று எழுதிவிட்டு நீயே சிரித்தாயா? இத்தனை வருஷம் நீ என்னைக் கேட்டதை இன்றைக்கு நான் உன்னைக் கேட்கிறேன், உன் இஸ்கூலுப் பேச்சிலேயே கேட்கிறேன். செப்பு புஜ்ஜி, எந்த நல்ல?